சித்தப்பா என்று அழைக்கப்பட்ட அப்பா

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கோட்டையூர்ச் சாலையில் இளகிய தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. அந்த வெயிலில் கடையைப் பூட்டிவிட்டு வந்த மருது, மதியச் சோறு முடிந்து எல்லாரும் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருந்த வேளையில், ஆண்டுதோறும் குடும்பத்தோடு வேனில் போகும் கொடைக்கானலுக்கு இந்த ஆண்டு தாம் வரப்போவதில்லை என்று அறிவித்தார்.

மருது, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் அவருடைய கடைக்குத்தான் வரும். ஆகவே, பிள்ளைகள் கண்விழிக்குமுன் வீட்டை விட்டுப் போய், அவர்கள் உறங்கியபின் திரும்புவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அண்ணன் வீரபாண்டியனோ அரசுப் பேருந்து நடத்துநர்; ஒருநாள் பணி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாள்களில் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அவர் மேல்தான் கிடப்பார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் மூவர். மருதுவுக்கு மூன்றரை வயது மகள் கீர்த்தியும், இன்னும் பேச்சு வராத கைக்குழந்தை கார்த்திகேய சிவமும். இரு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

கீர்த்தி பேசக் கற்றது அண்ணன் பிள்ளைகளிடம். அவர்கள் வீரபாண்டியனை ‘அப்பா’ என்றார்கள். அவளும் அவ்வாறே அழைத்தாள். மருதுவைச் ‘சித்தப்பா’ என்றார்கள். அவளும் சித்தப்பா என்றாள். தாய் காளீஸ்வரி திருத்துவாள். அடுத்த வாய்ச் சோறு உள்ளே போவதற்குள் திருத்தம் மறந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் இது நடப்பதுதான் என்று எல்லாரும் சிரித்தார்கள். மருதுவும் சென்ற ஆண்டுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சென்ற ஆண்டு கொடைக்கானல் ஏரிக்கரையில், கீர்த்தியைக் குதிரையிலிருந்து இறக்கிவிட்ட குதிரைக்காரர், “அப்பாட்ட காசு வாங்கிட்டு வா பாப்பா” என்றார். பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மருதுவைக் கடந்து ஓடிய குழந்தை, வீரபாண்டியனின் கால்களைக் கட்டிக்கொண்டது. ஊர் திரும்பும்வரை அண்ணன் மனைவியான மதினி அழகி அதை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வேனே குலுங்கிச் சிரித்தது. மருது மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அண்ணனைக் கவனிக்கத் தொடங்கினார். அண்ணன் பிசைந்து கொடுத்தால் கீர்த்தி கத்தரிக்காயையும் உண்டாள். தாம் பரோட்டா வாங்கி வந்தாலும், “அப்பா ஊட்டட்டும்” என்று அவரிடம் ஓடினாள். வேனில் சன்னலோர இருக்கை அண்ணனுக்கு. அண்ணனின் மடி கீர்த்திக்கு. விசில் ஊதி, “பின்னாடி இருக்கவுக எல்லாம் முன்னாடி வாங்க” என்று அவர் குரல் கொடுத்தால், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மருது நினைத்தார். கூட்டம் இல்லாத இடத்துக்குத் தம் பிள்ளைகளைக் கொண்டுபோனால், அங்கே அப்பா என்று அழைக்கத் தம்மைத் தவிர வேறு ஆள் இருக்காதே என்றும் நினைத்தார்.

“ஏன் தம்பி, வேன்ல உங்களுக்கு எடம் பத்தலையாக்கும்?” என்று கேட்டார் அழகி.

“அதெல்லாம் இல்ல மதினி. நாங்க நாலு பேரும் கன்னியாகுமரி போய்ட்டு வாரோம்.”

“இன்னைக்குத் தனி டூரு. நாளைக்குத் தனி அடுப்பா?”

காளீஸ்வரி தலைநிமிராமல் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வீரபாண்டியன் தம்பியின் முகத்தையே பார்த்தார்.

“எம்மேல எதுவும் கோவமாடா?”

“அதெல்லாம் இல்லைண்ணே.”

“அப்பப் போய்ட்டு வா. மதுர மாட்டுத்தாவணியில எறங்கி, அங்குட்டே நாகர்கோவில் வண்டியப் பிடி. பின் சீட்டுல உக்காராத. புள்ளைக வாந்தி எடுக்கும்.” பிறகு, தம்மிடம் இருந்த பழைய விசிலை நூலில் கோத்துக் கீர்த்தியின் கழுத்தில் மாட்டினார். “நீ ரைட்டுச் சொல்லாம டிரைவர் வண்டிய எடுக்கக்கூடாது, என்ன?”

குழந்தையின் முகம் மலர்ந்ததைக் கண்ட மருதுவுக்கு, அந்த விசில் ஏன் தமக்குத் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் புறப்பட்டார்கள். மதுரை கடக்குமுன்பே கீர்த்தி மூன்று முறை விசில் ஊத, இல்லாத நிறுத்தத்தில் பேருந்து நின்றது. நடத்துநர் விசிலை வாங்கிக் காளீஸ்வரியிடம் கொடுத்தார். “சித்தப்பா, அப்பா எப்ப வருவாக?” என்று கீர்த்தி மருதுவின் தோளில் சாய்ந்தபடியே அழுதாள்.

கன்னியாகுமரியில் விடுதி வரவேற்பறையில் இருந்த இளைஞன் குழந்தையைப் பார்த்துச் சிரித்தான்.

“பாப்பா அப்பாகூட டூர் வந்தீங்களா?”

“இல்ல. சித்தப்பாகூட. அப்பா கோட்டையூர்ல இருக்காக” என்றாள் கீர்த்தி, தெளிவாக.

எழுதிக்கொண்டிருந்த இளைஞனின் கை நின்றது. அவன் காளீஸ்வரியைப் பார்த்தான், மருதுவைப் பார்த்தான், உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தான். காளீஸ்வரி சிரித்தபடி விளக்கினாள். மேலாளர் சிரிக்கவில்லை. அவளுடைய ஆதாரில் இன்னும் தகப்பனார் பெயரும் அரியக்குடி வீட்டு முகவரியுமே இருந்தன. மருதுவின் ஆதாரோடு அது எவ்வகையிலும் ஒட்டவில்லை. கீர்த்திக்கோ ஆதாரே எடுக்கவில்லை.

“தப்பா எடுக்காதீங்க. பிள்ளை இப்படிச் சொல்லுது. வீட்டுல பெரியவங்க யாராச்சும் உண்டுமா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

தம் மகளுக்குத் தாமே தகப்பன் என்று சொல்ல ஆள் தேடவேண்டிய நிலை. மருது கைபேசியை எடுத்தார். பெரியவர் என்று சொல்ல அவருக்கு இருந்தது ஒரே ஒருவர். வேறு வழியின்றி அவருக்கே வீடியோ அழைப்புப் போட்டார்.

திரையில் முகம் தெரிந்ததும் கீர்த்தி துள்ளினாள். “அப்பா!”

மேலாளரின் புருவம் உயர்ந்தது. விவரத்தைக் கேட்ட வீரபாண்டியன், சில்லறைத் தகராறு தீர்க்கும் நிதானத்தோடு பேசினார். “சார், அது எந் தம்பி மக. எம்புள்ளைகளப் பாத்து என்னைய அப்பாங்குது. அந்தா நிக்கிறாரே, அவருதான் பெத்தவரு.” பிறகு குரலை மாற்றினார். “கீர்த்தி, நான் பெரியப்பா. ஓம் பக்கத்துல நிக்கிறவுகதான் அப்பா. எங்க, கூப்புடு பாப்போம்.”

குழந்தை மருதுவை அண்ணாந்து பார்த்தது. “அப்பா” என்றது.

மேலாளர் சாவியைக் கொடுத்தார். காளீஸ்வரியின் கண்கள் கலங்கின. மருதுவுக்கோ பொறாமை அப்போதுதான் உச்சத்துக்கு ஏறியது. இத்தனை நாள் ஏங்கிய சொல் கிடைத்துவிட்டது. அதுவும் அண்ணன் கட்டளையிட்டதால் அல்லவா கிடைத்தது.

எனினும், அந்தச் சில நாள்கள் நல்ல நாள்களே. திருத்துவதற்கும் கெடுப்பதற்கும் வேறு பிள்ளைகள் இல்லை. இடையில் ஒருநாள், காளீஸ்வரி அழைப்பதைப் பார்த்துக் கீர்த்தியும் அவரை “ஏங்க, ஏங்க” என்று அழைத்தாள்; அதற்கும் அவர் ஓடிப்போய் நின்றார். அலைக்கு அஞ்சி அவள் தம் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, அடுத்த அலை சற்றுப் பெரிதாகவே வரட்டும் என்று விரும்பினார். மூன்றாம் நாள் சுண்டல்காரரிடம், “எங்கப்பா காசு தருவாக” என்று யாரும் சொல்லாமலே சொன்னாள். மருது மீதிச் சில்லறையை வாங்க மறந்தார்.

கோட்டையூர் திரும்பிய நாளில், அண்ணன் பிள்ளைகள் வாசலுக்கே ஓடிவந்து கீர்த்தியைத் தூக்கிக்கொண்டார்கள். மருது கைகால் கழுவி வருவதற்குள் உள்ளேயிருந்து குரல் கேட்டது: “சித்தப்பா, எம் விசில் எங்க?”

அவர் பையிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் வீரபாண்டியனுக்கு ஓய்வு. அவர் கடைக்கு வந்து, பிரித்துப் போட்டிருந்த மோட்டாரின் அருகில் அமர்ந்தார்.

“வேன் வெள்ளிக்கெழம கெளம்புது. உங்க எடத்த வேற யாருக்கும் குடுக்கல. வாரீகளா?”

“காளியும் பிள்ளைகளும் வரணும்னா வரட்டும்ணே. நான் வரல. அடுத்த வருசமும் நாங்க தனியாத்தான் போவோம்.”

வீரபாண்டியன் கீழே கிடந்த செம்புக் கம்பித் துண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

“அன்னைக்கும் கேட்டேன், இல்லைன்ன. இப்பவாச்சும் சொல்லு. எம்மேல கோவமா?”

மருது கையைத் துடைத்துக்கொண்டார்.

“கோவம் இல்லைண்ணே. பொறாமை.”