எண் இல்லாத விஷங்கள்

விஷத்தை வைத்துப் பிழைத்தவன் நான்; பயப்படாதீர்கள், கம்ப்யூட்டரில்தான். போன் வயர் வழியாக இணையம் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலத்தில், டெல்லியில் எங்கள் சின்ன அலுவலகம் விஷங்களுக்கென்று ஒரு தகவல் தளம் நடத்தியது. எந்த ஊர் டாக்டரும் காசு கொடுக்காமல் திறந்து பார்க்கலாம். நோயாளி விழுங்கிய பொருளின் பெயரைத் தட்டினால் அதில் என்ன இருக்கிறது, என்ன சிகிச்சை என்று வரும். இதை உலகத் தரத்துக்கு ஏற்றபடி மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை 'இன்னும் ஒழுங்காக' ஆக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

போகல் நடைபாதை

என்னோடு வேலை பார்த்தவர் குர்மீத், பார்மஸி படித்த பஞ்சாபிப் பெண்மணி. டெல்லியில் பாதி விஷத்துக்கு லேபிள் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தெருவில் வழங்கும் பெயர்தான் தெரியும் என்பது அவர் வாதம். எனவே இருவரும் சந்தை சந்தையாக அலைந்து அந்தப் பெயர்களைச் சேர்த்தோம்.

போகல் என்ற சந்தைப் பகுதியின் நடைபாதையில் ஒருவர் மூட்டைப்பூச்சி மருந்து விற்றார். சிவப்புச் சாயம் போட்டு, பழைய இருமல் மருந்து பாட்டில்களில் அடைத்திருப்பார். வட்டாரம் முழுக்க அதற்கு 'லால் ஷீஷி', அதாவது சிவப்பு பாட்டில், என்று பெயர். மண்ணெண்ணெயோடு வயலுக்கு அடிக்கிற கடுமையான பூச்சிமருந்தும் அதில் இருப்பதாகப் பரிசோதனைக்கூடம் சொன்னது. அதே பெயரில், மாற்று மருந்தின் விவரத்தோடு தளத்தில் ஏற்றினோம். பரிசோதனைக்குப் போகுமுன் அந்த வியாபாரியிடமே கேட்டிருந்தோம். அவர் சிரித்தார். "பாபுஜி, உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் பிளாட்பாரத்துல உட்கார்ந்திருக்கேன்?"

தரம் வந்தது

உலகத்தின் மற்ற தளங்களோடு நம் தளமும் பேச வேண்டும், அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் சர்வதேச எண் வேண்டும் என்று முடிவானது. நல்ல யோசனைதான், நானே கைதட்டினேன். ஆனால் எண் சுத்தமான ரசாயனத்துக்குக் கிடைக்கும், பதிவு பெற்ற கம்பெனி சரக்குக்குக் கிடைக்கும். நடைபாதையில் கலக்கிய சரக்குக்கு யார் எண் கொடுப்பார்கள்? லால் ஷீஷியும் அதன் உறவுக்காரர்களும் வரிசையாக வெளியே நின்றார்கள்.

'தெருப்பெயர்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்துக்கொள்ளலாமே என்று குர்மீத் மன்றாடினார். தரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. எங்கள் டைரக்டர் மாத்தூர் சாப் கெட்டவரல்ல; உலகத்தின் முன்னால் டை கட்டிக்கொண்டு நிற்க ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "எண் இல்லாத விஷம் நம்ம தளத்துல கிடையாது. அவ்வளவுதான், முடிஞ்சது."

கிட்வாய் நகரில் பனி

மாற்றி முடித்தபோது தளம் பளபளவென்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது, அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். கிட்வாய் நகர் வீட்டுக்கு ஒரு லட்டை எடுத்துப்போய், என் மனைவியிடம் பெருமையாகப் புதுப் பக்கங்களின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். சாலையில் பனியை உருக்கத் தூவுகிற உப்பை யாராவது தின்றுவிட்டால் என்ன செய்வது என்று அதில் விவரமாக இருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் குழந்தை கரப்பான்பூச்சி சாக்பீஸை வாயில் வைத்த கதை அவளுக்கு ஞாபகம். அதைத் தேடினாள், இல்லை. லட்டைப் பிட்டுக்கொண்டே கேட்டாள், "ஏங்க, டெல்லியில எப்பங்க பனி கொட்டுச்சு?"

ஒரு மத்தியான போன்

டாக்டர்கள் கூப்பிட எங்களிடம் ஒரு போனும் இருந்தது. ஒரு மத்தியானம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வள்ளி என்ற பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வாயில் மண்ணெண்ணெய் வாடை, அதற்கான வைத்தியம் நடக்கிறது, ஆனால் நிலைமை மோசமாகிறது, கூட வந்தவர் பேசும் இந்தி புரியவில்லை என்றார். கணவர் முருகேசனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். விழுப்புரம் பக்கத்துத் தமிழ், நடுங்கிக்கொண்டு வந்தது. "இருமல் மருந்துன்னு எடுத்துக் குடிச்சிட்டா சார். மூட்டப்பூச்சிக்கு போகல்ல வாங்கினது சார், செவப்பு பாட்டில்."

போகல் சிவப்பு பாட்டில் என்றால் லால் ஷீஷிதான். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அது வெறும் மண்ணெண்ணெய் இல்லை, உள்ளே பூச்சிமருந்து இருக்கிறது, மாற்று மருந்து இது. குர்மீத்தும் போனை வாங்கிச் சொன்னார். டாக்டர் எங்கள் தளத்தைத் திறந்து லால் ஷீஷி என்று தட்டினார்; எதுவும் வரவில்லை. மாற்று மருந்து ஊசியை விஷம் இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் போட்டால் அதுவே ஆபத்து, பெரிய டாக்டர் கேட்டால் என்ன காட்டுவது என்று தயங்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் தயங்கித்தான் இருப்பேன். குர்மீத் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். டாக்டர் மட்டும் லைனில் கெஞ்சிக்கொண்டே இருந்தார், "சார், உங்க தளத்துல இருக்கிற பக்கத்தைக் காட்டுங்க, இப்பவே போடறேன். பக்கமே இல்லாம எந்த தைரியத்துல ஊசி போடறது?"

காலியாக விட முடியாத கட்டம்

அறிக்கை போய்ச் சேர்ந்தது, ஊசியும் போட்டார்கள். சாயங்காலம் வள்ளி போய்விட்டாள். ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், முப்பது வயதுகூட இருக்காது. குர்மீத் திரும்பி வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்தூர் சாப் முகம் வெளுத்துப்போய், தெருப்பெயர்க் கட்டத்தைப் பற்றி உலகத் தரம் வகுத்த கமிட்டிக்கு எழுதுவோம் என்றார். எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

சில நாள் கழித்து முருகேசன் அலுவலகத்துக்கு வந்தார். அவள் குடித்தது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். உட்கார வைத்து, ஒளிக்காமல் சொன்னேன். எங்களுக்குத் தெரியவரும் ஒவ்வொரு விஷச் சாவையும் தளத்தில் ஏற்றுவது வழக்கம்; அன்று வள்ளியின் முறை, அவர் வரும்போதே திரையில் திறந்திருந்தது. 'பொருள்' என்ற கட்டத்தில் எண் போடாமல் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. உலகத் தரம் தயாரித்தவர்கள் முன்யோசனைக்காரர்கள், 'அறியப்படாத பொருள்' என்பதற்கு ஓர் எண் வைத்திருந்தார்கள். அதைப் போடச் சொல்லி மாத்தூர் சாப் உத்தரவு. என்ன எழுதுகிறீர்கள் என்று முருகேசன் கேட்டார், சொன்னேன். அவர் திரையைக் காட்டிக் கேட்டார். "அவ என்ன குடிச்சான்னு இப்பத்தான சார் எனக்குச் சொன்னீங்க. அப்பறம் ஏன் சார் தெரியாதுன்னு எழுதறீங்க?"

தெரியாததற்குக்கூட எண் உண்டு, தெரிந்ததற்குத்தான் இல்லை என்பதே உலகத் தரத்தில் நான் கற்ற பாடம்.