நாற்பதாவது கோடு

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை நாற்பத்தாறு நாட்கள். இந்த ஆண்டும் நாட்காட்டியில் இரண்டு முறை எண்ணிவிட்டேன். மாறாது என்று தெரியும். ஆனாலும் எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. தாராவியில் ஒற்றை அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்தாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. தோல் பட்டறையில் வேலை. பட்டறை விட்டால் சாராயம். அடுத்த சந்தில் இருந்த சபை மூப்பரின் மகளை அவருக்குக் கேட்டிருந்தார்கள். மூப்பர் மறுக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் குடிக்காமல் இருந்து காட்டட்டும், ஈஸ்டர் கழிந்த திங்களன்று நிச்சயம் வைத்துக்கொள்வோம் என்றார்.

கணக்கு வைக்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். கதவின் உட்புறம் நாளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. மாமா வேலை முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் கேட்பார்: “ஏல மருமவனே, எத்தன ஆச்சு?”

பதினேழு என்பேன். பதினேழுதானா என்று, நான் இரண்டு நாளை ஒளித்துவைத்ததுபோல என்னைப் பார்ப்பார். தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

லெந்துவில் வீட்டில் கவுச்சி கிடையாது. ஞாயிறு மட்டும் மாமா மாஹிம் வரை நடந்துபோய் மீன் வாங்கி வந்து, தானே கழுவியும் கொடுப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை. தின்றுவிட்டு அன்றைக்கும் ஒரு கோடு போடுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து ஓலையும் கையுமாக வந்து, சாப்பிட்டுவிட்டு, கோடு போட்டேன். எண்ணினேன். நாற்பது. முடிந்துவிட்டது என்று மாமாவை அழைத்தேன். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். மாமா வந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கணக்குல நீ புலிதாம்ல” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மாலையில் அவர் திரும்பி வந்த நடையைச் சந்து முழுவதும் பார்த்தது. மூப்பரும் பார்த்தார்.

மறுநாள் மூப்பர் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை. ஞாயிறுகள் கர்த்தர் உயிர்த்தெழுந்த நாட்கள், அவற்றை லெந்துவில் சேர்ப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்பினார். “இன்னும் ஆறு நாளுதான கெடந்துது, தம்பி.”

“நாந்தான் தப்பா எண்ணிட்டேன்” என்றார் மாமா, தலை நிமிராமல். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூப்பர் போனதும் அம்மா ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள்.

அந்தக் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். வனாந்தரத்தில் நாற்பது நாள் நோன்பு முடிந்து கர்த்தருக்குப் பசி வந்தபோதுதான் சோதனைக்காரன் கிட்டே வந்தான் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், அவன் கையில் ஒரு சாக்பீஸ் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆனால் லெந்துவில் ஞாயிறு சேராது என்று தெரிந்துதானே மாமா வாரம் தவறாமல் மீன் வாங்கப் போனார்? கோடுகளைத் தொட்டுப் பார்த்த அந்த விரலில் காலையில் கழுவிய மீனின் வாடை இருந்தது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முகர்ந்தேன், நாற்பதுதான் என்று இன்னொரு முறை சொன்னேன்.