ராகிக் கூழில் கலந்த பொடி

குதிகாலில் இருந்த கருப்புப் புள்ளியை நான் மச்சம் என்றேன். தறிக்கூடத்தில் ஏதோ குத்திய தழும்பு என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஏமாந்தோம். அது தோல் புற்றுநோய். அதை அறுத்து எடுத்த பிறகு தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்தது.

சேலத்து டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். புற்றைக் கொல்ல நம் உடம்பிலேயே காவல் செல்கள் உண்டாம். என் கட்டியைச் சுற்றி அவை நிறைய இருந்தனவாம். ஆனால் சில சும்மா நின்றன, சில புற்றுக்கே துணை போயின. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து, சும்மா நிற்பவற்றை எழுப்பிவிடும் என்றார்.

"என்னைக் கேட்காம எந்த மாத்திரையும் போடாதீங்க" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூட்டுக்கு மூட்டு வலி. டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. போனில் சொன்னதும், செல்கள் விழித்தால் இப்படியும் ஆகும், நேரில் வாருங்கள் என்றார் டாக்டர். நான்தான் நாளை, நாளை என்று தள்ளினேன். அதற்குள் வலி மாயமாக மறைந்தது. பசி எடுத்தது. "ஊசி வேலை செய்யுதுங்க" என்று பள்ளிபாளையம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டர் உப்பிய என் முகத்தைப் பார்த்தார்.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லவே இல்லீங்க!" என்று சண்டைக்கே போனேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜேடர்பாளையத்துப் பக்கம் யாரோ தரும் மூட்டுவலிப் பொடியை, எனக்குக் காய்ச்சித் தரும் ராகிக் கூழில் தினமும் கலந்திருக்கிறார் அவர். மாமியாருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"நீ வலியில துடிக்கறதப் பாத்துட்டு இருக்க முடியல புள்ள. சொன்னா குடிக்க மாட்டீன்னுதான்..."

ஆமாம், குடித்திருக்கவே மாட்டேன்.

பொடியில் இருந்தது ஸ்டீராய்டுதான், எழுந்த செல்களை அது மறுபடி படுக்க வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம், மெல்ல மெல்லக் குறைத்தார். ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது.

"பொடியாலதான்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. சிலருக்கு அந்தச் செல்கள் எழறதே இல்லை."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. உடம்பு செய்த துரோகத்தைக்கூட மன்னித்துவிடலாம், அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டும் இருந்தன.

இப்போது வேறு மருந்து ஏற்றுகிறார்கள். மூட்டுவலி திரும்பிவிட்டதால் கூழ் இன்றும் அவர்தான் காய்ச்சித் தருகிறார். வாங்கியதும் முகர்ந்து பார்க்கிறேன். அந்தப் பொடிக்கு வாசமே கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர் பார்க்கட்டும் என்றுதான் முகர்கிறேன்.