ஐந்தில் ஒரு பங்கு

உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெண்கலக் களிமண்ணை உருட்டும்போது யாரையாவது திட்டினால்தான் பட்டாசு அக்காவுக்குக் கை ஓடும். இந்த வாரம் மிஷின் கம்பெனிக்காரனின் முறை.

“ஒரு கட்டை உடைஞ்சதுக்கு மிஷினையே மாத்தணுமாம்! பல்லு வலிச்சா தலையையே மாத்திக்குவானா இவன்?”

தெரு வைத்த பெயர் சரிதான். குடைக் கொக்கி, பெட்டித் தாழ், கடைக்காரர்கள் கைவிரித்துவிட்ட சில்லறைச் சாமான் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். வெண்கலப் பொடியில் பசையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்த மண் அது. உருவம் பிடித்துக் காயவைத்து, கரித்தூளில் புதைத்துச் சூளையில் ஏற்றினால் பசை எரிந்துபோய் உலோகம் இறுகி நிற்கும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் எதையும் பெரிதாகத்தான் பிடிப்பாள். “கொஞ்சம் பெருசா இருக்கே?” என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. “உங்க கண்ணுதான் சின்னது!”

இந்தக் கட்டை அவள் தம்பிக்கு. பார்வையில்லாத அவன், பிரெய்ல் மிஷினில் பள்ளிப் புத்தகங்களை அடித்துக் கொடுப்பவன். விரலால் அழுத்தி அடிக்கும் ஆறு கட்டைகளில் ஒன்று முறிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் அறிவியல் புத்தகம் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள், ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த கட்டையை அவள் வீட்டுக்காரர் உப்புத்தாளால் தேய்த்து, உடைந்த கட்டையோடு வைத்துப் பார்த்து, இம்மி பிசகாமல் ஒரே அளவாக்கி வைத்திருந்தார். முகத்தில் பெருமை வேறு.

“பெருசா இருந்துச்சும்மா. நான்தான் சரி பண்ணேன்.”

“பதினாறு வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்குறீங்களே! ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா? அவன் பொழப்பையே தேச்சு ஊதித் தள்ளிட்டீங்களே!”

எதிர்வீட்டு ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் பிசைந்த கிண்ணத்தில் ஒட்டியிருந்த மண்ணை வழித்தெடுத்து மறுபடியும் பிடித்தாள், பெரிதாகவே. காய்ந்ததும், அவர் தேய்த்த கட்டையையும் சேர்த்தே சூளையில் வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் புதுக் கட்டை மிஷினில் கச்சிதமாக உட்கார்ந்தது. தம்பி ஒரு வரி அடித்துத் தாளைத் தடவினான். “எல்லாப் புள்ளியும் விழுதுக்கா. ராவோட ராவா முடிச்சிடுவேன்.”

“அப்பாடா! அதான் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் ஏம்மா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?” என்றார் வீட்டுக்காரர்.

அவர் தேய்த்து, சூளையில் சுண்டிப்போன அந்த இன்னொரு கட்டையை அவள் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.