வாசல்வரை அடுக்கிய விளக்குகள்

என் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில் ஓர் அகல் விளக்கு இருக்கிறது. வெள்ளை மண்ணில் செய்து சுட்டது. ஒரு பக்கம் விளிம்பு அமுங்கி, அங்கே ஒரு கட்டைவிரல் தடம் பதிந்திருக்கும். செய்தவரின் கைத்தடம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது கால் கட்டைவிரல், என் சாச்சியுடையது.

பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு விருத்தாசலத்தில் அடைபட்டுக் கிடந்த நாட்கள் அவை. வீட்டிலிருந்தால் கல்யாணப் பேச்சு வரும் என்பதால், அம்மாவின் தங்கையான சாச்சி நடத்தி வந்த பீங்கான் யூனிட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். கையில் போன், போனில் காரைக்கால் ரேடார் படம். எனக்கு அப்போது அதுதான் பைத்தியம். பழைய ரேடார் மழை எங்கே நிற்கிறது என்று மட்டும் சொன்னது. டாப்ளர் ரேடாரோ துளிகளில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்றும் சொல்லிவிடுகிறது. அதன் வேகப்படத்தில் வருவது பச்சை, போவது சிவப்பு. தூரம் கூடக்கூட அதன் அலை தரையைவிட்டு மேலே போய்விடும், தாழ்வான மேகம் அடியில் நழுவிவிடும்; அதனால்தான் ஒன்றின் குருட்டு இடத்தை இன்னொன்று பார்க்கும்படி கடற்கரை நெடுகிலும் ரேடார்களைக் கோத்து வைக்கிறார்கள். இதையெல்லாம் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன். கிடைத்தவர் சாச்சி.

ஒருநாள் யூனிட்டைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போன பஸ்ஸை வைத்தே விளக்கினேன். வரும்போது சத்தம் கூர்மையாக இருக்கிறது, தாண்டிப் போனதும் கனத்து இறங்குகிறது, அவ்வளவுதான் டாப்ளர் என்றேன். சாச்சி மண் பிசைந்த கையை நிறுத்தாமல் சொன்னார்: "வரப்ப ஒரு கொரலு, போவறப்ப ஒரு கொரலு. உங்க சாச்சாவுக்கும் அப்படித்தான் இருக்குது."

சாச்சியின் கணவர், எங்கள் சாச்சா, ஷார்ஜாவில் வேலையில் இருந்தார். அந்த வருஷம் விடுமுறையில் வந்தவர் திரும்ப வேண்டிய நாள், கார்த்திகை விளக்கு ஆர்டரின் நெருக்கடிக்குள் வந்து விழுந்தது. மதியம் திருச்சி விமான நிலையத்துக்குக் கார். அதற்குள் வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டு அனுப்பலாம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு சாச்சி காலையில் யூனிட்டுக்கு வந்திருந்தார். களம் முழுக்கப் பலகைகளில் விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. சுடாத விளக்கை இங்கே பச்சை என்பார்கள். நாலு துளி விழுந்தால் போதும், குழைந்துவிடும்.

நான் படத்தைப் பார்த்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் அடர்த்தியாக ஒரு பட்டை, வேகப்படத்தில் சிவப்பாக இருந்தது. காரைக்காலைவிட்டுப் போகிறது என்றால் எங்களை நோக்கி வருகிறது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் உள்ளே எடுக்கச் சொன்னேன். குடும்பக் குழுவிலும் ஒரு செய்தி தட்டிவிட்டேன். பக்கத்து யூனிட்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பாய்வூட்டம்மா, உங்க பொண்ணு போன்ல மழை பேயுதாமே. போனுக்கு ஒரு கொடை வாங்கிக் குடுங்க" என்றார். "சிரிங்க, சிரிங்க. அப்புறம் தார்ப்பாய் கேட்டு வருவீங்கல்ல, அப்ப பேசிக்கிறேன்" என்றார் சாச்சி.

பச்சையைப் பிறர் கையில் விட சாச்சிக்கு மனம் வராது. அவரும் நானும் கொட்டகை நடுவில் நின்று வாங்கி அடுக்க, வெளியிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் பலகை பலகையாக நீட்டினார்கள். பின்சுவர் நிரம்பியது, இரு பக்கமும் நிரம்பின. அடுக்க அடுக்கச் சுற்றிலும் நெருங்கி வந்தது. முதல் துளி விழுந்ததும் பெண்கள் பதறிப்போய், மிச்சப் பலகைகளை வாசல்வரை தரையில் நெருக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். மழை அறைந்து இறங்கியபோது நாங்கள் ஒரு மேசை அகலத்தில் நின்றிருந்தோம். ஒரு விளக்குகூட நனையவில்லை. நான் பெருமையாகச் சிரித்தேன். சாச்சி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் வைக்க இடமில்லை.

"வரதை இவ்ளோ கரெக்டா சொன்னியே, இது எப்ப போவும்னு சொல்லு புள்ள."

கொஞ்ச நேரத்தில் மழையில் ஓர் இடைவெளி வரும், படத்தில் தெரிகிறது என்றேன். அதற்குள் வாசல் பலகைகளை வெளியே தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்றேன். போன் அடித்தது. சாச்சா. கூரைத் தகர இரைச்சலில் சாச்சி ஸ்பீக்கரில் போட்டார். "அந்தப் புள்ள மெசேஜ் பாத்தேன். ரோட்ல தண்ணி ஏறிடும்னு டிரைவர் இப்பவே வந்துட்டாரு. கிளம்பிட்டேன். நீ நனையாத, அங்கயே இரு. தாண்டறப்ப ஹாரன் அடிக்கச் சொல்றேன்."

"சாப்டீங்களா?" என்றார் சாச்சி. அதற்குள் இணைப்பு போய்விட்டது.

நான் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். அது தன் நேரத்துக்குத்தான் மாறும். "இன்னும் கொஞ்சம், சாச்சி" என்றேன். சாச்சி சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிச் செருகினார். காலையில் செய்தது, நேற்று செய்தது என்றெல்லாம் பார்க்காமல் விளக்குகள் மேலேயே கால் வைத்தார். காய்ந்தவை காலடியில் நொறுங்கின, ஈரமானவை அமுங்கின. வாசலைத் தாண்டி மழைக்குள் ஓடினார்.

எனக்கு ஹாரன் கேட்டது. கூர்மையாக வந்து, கேட் பக்கம் தாண்டி, கனத்து இறங்கிப் போனது. நிற்கவில்லை.

திரும்பி வந்தவர் உள்ளே வர முடியாமல் கூரை இறவாணத்தின் கீழ் நின்றார். நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் விளக்குகள். "பாத்தீங்களா?" என்றேன்.

"கண்ணாடி ஏத்தி இருந்துது. கை மாரி என்னமோ தெரிஞ்சுது." சேலை முந்தியைப் பிழிந்துவிட்டு, "நொறுங்குனதக் கரைச்சிடலாம். அமுங்குனத அப்படியே சூளையில வெச்சிடு. தள்ளுபடியில போவும்" என்றார். அப்படி வந்ததில் ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது சென்னையில், ரேடார் தரவுகளை எடுத்துப் போன்களுக்கு மழை எச்சரிக்கை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். நெல் காயப்போட்டிருப்பவருக்கும் படகில் இருப்பவருக்கும் என் செய்தி போகிறது. ஊரைவிட்டு வந்தாயிற்று, ஆனால் மழைக்காலம் முழுக்கக் குளிரூட்டிய அறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தபடி இருக்கிறேன். எங்கே மழை என்று தெரியும், நனைந்ததில்லை.

போன கார்த்திகைக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். சாச்சா இன்னும் ஷார்ஜாவில்தான். அன்றும் மழை வந்தது, அன்றும் அடுக்கினார்கள், அன்றும் சாச்சி நடுவில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார். "ஏன் சாச்சி, வெளிய நின்னு அடுக்கலாம்ல? இல்லாட்டி ஒரு ஆள் போற அளவுக்காவது வழி வுடலாம்ல?" என்றேன்.

அவர் பலகையை இறக்கி வைத்தார். "வழி இருந்தா எங்கனா போவணும்னு தோணுது புள்ள. உள்ள நின்னுட்டா அந்த ரோதனை இல்ல."

திரையில் சிவப்பு நகரும்போதெல்லாம் கை அந்த விளக்கிடம் போகிறது. அமுங்கிய இடத்தில் என் விரலை வைத்துப் பார்க்கிறேன். தடம் ஆழமாக இருக்கிறது. நன்றாக ஊன்றித்தான் ஓடியிருக்கிறார்.