பலாப்பழத்தை அறுத்த பிளாக்

எங்கள் வட்டாரப் பத்திரிகைகளின் வரலாற்றை மலராகப் போடுகிறார்களாம். பழைய வாசகி என்று என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அடிவாரத்து டவுனில் வந்துகொண்டிருந்த வார இதழ் மலைமக்களுக்குச் செய்த தொண்டைப் பற்றி எழுத வேண்டுமாம். தொண்டு என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் மலையில் பால்வாடி டீச்சர். ஒரு விவசாயக் கண்காட்சியில் என் அப்பாவின் பலாப்பழத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மேசைமேல் பழம், பழத்தின்மேல் கையை வைத்தபடி அப்பா. அந்தப் படத்தை இதழ் போட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அப்பாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

அப்போதெல்லாம் படம் அச்சடிக்க பிளாக் வேண்டும். துத்தநாகத் தகட்டில் உருவத்தைப் பதித்து மரக்கட்டையில் அறைந்திருப்பார்கள். மெட்ராஸில்தான் செய்து வாங்கிவர வேண்டும். அதனால் ஒருதடவை வந்த பிளாக்கை அச்சகத்தில் லேசில் தூக்கி எறிய மாட்டார்கள்.

மறுவருஷம் சந்தனக்கட்டை கடத்தியதாக மலையில் யாரோ ஒருவனைப் பிடித்தார்கள். செய்திக்குப் படம் வேண்டுமே! படுபாவிகள், பழைய பிளாக்கை எடுத்துப் பலாப்பழத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, அப்பாவின் முகத்தை மட்டும் போட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் கடத்தல்காரன் என்று இருந்தது.

எங்கள் மலைச் சந்தை கூடும் ஜமுனாமரத்தூரில் டீக்கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கடையின் வெளிச்சுவரில் ஒட்டிவைத்திருந்தார். சந்தைக்குப் புளி கொண்டுபோன அப்பாவிடம், கட்டை என்ன விலை என்று வியாபாரிகள் கேட்டுச் சிரித்தார்கள். அவர் மூட்டையை அவிழ்க்காமலே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சந்தைப் பக்கம் போகவில்லை.

நான் பஸ் பிடித்து மலையிறங்கி அச்சகத்துக்குப் போனேன். ஆசிரியர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெயர் போடவில்லையே, படம்தானே என்றார்.

"மலக்காரனுங்க எல்லாம் ஒரே மாதிரிதாம்மா கீறானுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க ஆளுங்களுக்கு எழுத்து தெரியாதுங்க. மூஞ்சிதான் தெரியும். அதே படத்தப் போட்டு, திருடன் இவரு இல்லன்னு போடுங்க."

இடமில்லை என்றார். நான் நகராமல் நின்றேன். என்னைக் கிளப்பினால் போதுமென்று, மறுப்பு போடுவதாக ஒப்புக்கொண்டார்.

போட்டார். கடைசிப் பக்கத்தில், ஏல அறிவிப்புக்குக் கீழே இரண்டே வரி. படம் இல்லை. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என் மூஞ்சி எங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப இத யாருக்குப் போட்டான்?"

சாகும்வரை அவர் சந்தைக்குப் போகவில்லை. புளியை நான்தான் கொண்டுபோனேன். டீக்கடைச் சுவரில் அந்தத் தாள் மழையில் ஊறித் தானாக உரிகிறவரை இருந்தது.

மலர் போடுகிறவர்களே, தொண்டைப் பற்றி எழுத என்னிடம் ஒரு மண்ணும் இல்லை. இந்தக் கட்டுரையை நீங்கள் குப்பையில் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. பரிசுச் செய்தி வந்த இதழிலிருந்து அப்பாவின் படத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அவரைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்கிறவர்கள் அந்தச் சந்தையில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பழத்தை அறுக்காதீர்கள்.