சாமியின் சட்டை

போன குளிர்கால விடுமுறையில் மகளை இங்கே துபாயில் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். வாசலில் அவள் கையில் காகிதப்பட்டை கட்டிய பெண், முனையை ஒட்டிவிட்டு விரலால் ஒருமுறை அழுத்தினாள். அந்த அழுத்தல் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இதே ஊரில் என் முதல் உத்தியோகமே அதுதான். பி.காம். படித்துவிட்டு, வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் பட்டை கட்டினேன். வீட்டில் மட்டும் ‘டிக்கெட்டிங்’ என்று கௌரவமாகச் சொல்லிவைத்திருந்தேன்.

உள்ளே பஞ்சுமிட்டாய்க் கடைக்கு நாலடி தள்ளி, மேசை போட்டு பீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். மறைப்பு ஒன்றும் இல்லை. சிந்திக் காய்ந்த பீரின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், மகள் கேட்டது எதுவும் காதில் விழவில்லை. செல்லமுத்து நினைவில் வந்து நின்றுவிட்டான்.

அப்போதெல்லாம் இப்படி இல்லை. நான் வேலை பார்த்தது புத்தாண்டோடு முடிகிற குளிர்காலத் திருவிழா ஒன்றில். பாலைவனத்தில் மெஷின் வைத்து சோப்பு நுரையைப் பனியாகப் பொழிவார்கள். ‘குடும்பங்கள் வரும் இடம், மது கிடையாது’ என்று வாசலில் பலகை. ராட்டினத்துக்குப் பின்னால் பச்சைத் துணி போர்த்திய தகரவேலி, அதற்குள் ஒரு கூடாரம். அங்கே பீரும் உண்டு, பட்டை கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயினும் உண்டு. அடையாள அட்டையில் வயது பார்த்து, மதம் கேட்டு, தங்கநிறப் பட்டை கட்டி உள்ளே விடுவது என் வேலை. கோப்பை வேலியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வாடையைப் பற்றி யாரும் சட்டம் போடவில்லை.

செல்லமுத்து அரியலூர்ப் பக்கம், என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அவனுக்குக் காலை டூட்டி. முந்தின நாள் குடித்து மீந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக டிரம்மில் கவிழ்த்துவிட்டுக் குப்பையில் போட வேண்டும். மதியத்துக்குள் சட்டை ஊறிவிடும். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன். போதாக்குறைக்குக் கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டான். சாகக் கிடந்த குழந்தை பிழைத்ததற்கு வேண்டுதல். தை பிறப்பதற்குள் லீவில் போய், இருமுடி கட்டி மலையேற வேண்டும். வேறு நினைப்பே கிடையாது அவனுக்கு. வழக்கப்படி நாங்கள் அவனைச் சாமி என்றோம். அவன் எங்கள் எல்லாரையும் சாமி என்றான், மலையாளி சூப்பர்வைசர் உட்பட.

“சாமி, என்னை ராட்டினத்துப் பக்கம் மாத்தி வுடுங்க.”

“சீசன் கழியட்டே, பார்க்கலாம்.”

நாங்கள் தங்கிய லேபர் கேம்ப் பக்கத்து எமிரேட்டில். வாடகை மலிவு. ஆனால் அங்கே மது அறவே கூடாது. அதனால் சாமி தினமும் கூடாரத்துக்குப் பின்னால் குழாயில் குளித்து, துவைத்த சட்டை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவான்.

கடைசி நாள் எல்லாவற்றையும் பிரித்தார்கள். குழாயையும் பிடுங்கிவிட்டார்கள். “சட்டையையாவது மாத்துப்பா,” என்றேன்.

“குளிக்காம சுத்தத் துணி உடுத்தக் கூடாது சாமி. கேம்ப்புல போயி குளிச்சிக்கிறேன்.”

எல்லை தாண்டி முதல் ரவுண்டானாவில் ஒரு பிக்கப் எங்கள் பஸ்ஸை உரசியது. யாருக்கும் அடியில்லை. அட்டை பார்க்க ஏறிய போலீஸ்காரர் சாமியின் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“ஷராப்?”

“மாஃபி ஷராப் சாமி. கிளீனிங் டூட்டி.”

அவன் குடிக்கவில்லை என்று பஸ்ஸே எழுந்து சொன்னது. அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். எங்கள் பார்க்கில் மது கிடையாது, குடும்பங்கள் வரும் இடம் என்று பதில் வந்தது. பலகையில் இருந்த அதே வாசகம். சாமியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய்விட்டார்.

மறுநாள் சாட்சிக்கு ஒரு தங்கநிறப் பட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பெனி ஆள் வந்து சொல்லட்டும் என்றார்கள். கம்பெனியிலிருந்து ஒருவரும் போகவில்லை. உள்ளே தள்ளும்போது பெல்ட்டைக் கழற்றுகிற மாதிரி மாலையையும் கழற்ற வைத்திருக்கிறார்கள். ஜோதியெல்லாம் முடிந்தபிறகு, வெறுங்கழுத்தோடு ஊருக்கு அனுப்பினார்கள். மாலை போட்டுக்கொண்டு குடித்தவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த லீவில் அவன் ஊருக்குப் போய், குருசாமியைப் பார்த்து நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா நீங்களும் அந்தக் கூடாரத்துல இருந்தவருதானே.” கூட வந்த செல்லமுத்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் மாலை போடவே இல்லை.

அந்தத் திடலில் இப்போது அடுக்குமாடிகள். பலகை இல்லை, தகரவேலி இல்லை, கம்பெனியும் இல்லை. துபாயில் சட்டமும் தளர்ந்துவிட்டது. பார்க்கிலிருந்து திரும்பியதும் மனசு கேட்காமல் அவனுக்குப் போன் போட்டேன்.

“வேலியெல்லாம் எடுத்துட்டாங்க சாமி,” என்றேன், பழைய வாய்ப்பழக்கத்தில்.



“பேரச் சொல்லிக் கூப்புடுப்பா,” என்றான்.